பல்லின் அடியை முதலில் பாருங்கள்: ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்லமேடு வரை

ஸ்ரீவைகுண்டத்தில் டைனோசர் பல் கிடைக்காது. இந்த அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் நேர்மை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்கு அடியில் இருப்பவை டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே உருவான நைஸ் பாறைகள். குதிரைமொழித் தேரியின் செம்மணலும், மணப்பாட்டுக் கடற்கரையின் சிப்பி கலந்த மணற்பாறையும் டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்து வந்தவை. முந்தியதற்கும் பிந்தியதற்கும் நடுவே, ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான பக்கங்கள் நம் மண்ணில் கிழிந்துபோயிருக்கின்றன. ஆற்றங்கரையில் பல் ஒன்று கிடைத்தால் அது மாட்டுப் பல்லாகவோ பன்றிப் பல்லாகவோதான் இருக்கும்.

மனிதப் பல்லாகவும் இருக்கலாம். ஆற்றுக்குத் தென்கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டியதும், பிறகு அலெக்சாண்டர் ரீ ஆண்டுக்கணக்கில் அகழ்ந்ததும், 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் இறங்கியதும் அந்தப் பரம்பில்தான். தாழிகளுக்குள் மண்டையோடும் பல்லுமாக மனிதர்கள் கிடந்தார்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். மழை அரித்து வெளியே தள்ளிய ஓட்டுச்சில்லைக்கூட அங்கிருந்து எடுக்கக் கூடாது. கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டு நகருங்கள்.

அப்படியானால் ஸ்ரீவைகுண்டத்துக்காரருக்கு இந்த அத்தியாயம் எதற்கு? தேடும் இடம் வடக்கே அரியலூரில் இருக்கிறது. பயிற்சிக்கூடமோ பக்கத்தில் தூத்துக்குடியில் இருக்கிறது.

பயிற்சி மீன்பிடித் துறைமுகத்தில்

அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பாறைகளில் ஒருவர் கையில் சிக்கும் புதைபடிவப் பற்களில் மிகப் பெரும்பாலானவை சுறாப் பற்கள். ஆகவே சுறாப் பல்லைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லத் தெரிந்தவர்தான் டைனோசர் பல்லைத் தேடப் போகலாம். தூத்துக்குடியில் சுறா வெட்டுபவர்களிடம் கேட்டால் சின்னச் சுறாவின் தாடை ஒன்றைத் தருவார்கள். திமிங்கலச் சுறா, வேளா போன்றவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை. அவற்றின் எந்தப் பாகத்தையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தாடையை வெந்நீரில் ஊறவைத்துச் சதையைச் சுரண்டி எடுத்து நிழலில் காயவிடுங்கள். வெளி வரிசைக்குப் பின்னால் அடுத்தடுத்த வரிசைகள் படுத்துக் கிடப்பது தெரியும். முன்பல் விழ விழப் பின்பல் எழும். ஒரு பல்லைப் பிடுங்கி அதன் அடியைப் பாருங்கள். நுண்துளைகள் நிறைந்த, மங்கலான வேர் ஒன்று இருக்கும். பெரும்பாலும் இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். சுறாவின் பல் தாடையில் குழி போட்டு நிற்பதில்லை, ஈறோடு ஒட்டி நிற்கிறது. அதனால் விழும்போது வேரோடு விழுகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

டைனோசருக்கும் வாழ்நாள் முழுவதும் பல் முளைத்துக்கொண்டே இருந்தது. மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் ஒவ்வொரு பல்லையும் ஏறக்குறைய 56 நாளுக்கு ஒருமுறை மாற்றியது என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் டைனோசர் பல் குழிக்குள் நின்றது. அடியில் வளரும் புதுப் பல் பழைய பல்லின் வேரைக் கரைத்துவிடும்; கடைசியில் தலைப்பகுதி மட்டும் உதிரும். ஆகவே உதிர்ந்த டைனோசர் பல்லுக்கு வேர் இருக்காது. அடியில் வழவழப்பான விளிம்போடு ஒரு குழிவு இருக்கும். முழு வேரோடு ஒரு பல் கிடைத்தால் அந்த விலங்கு அங்கேயோ அருகிலோ செத்திருக்கிறது என்று பொருள். உடனே கையைக் கட்டிக்கொண்டு, ஆய்வாளரை அழைக்க வேண்டிய நேரம் அது.

பாறை எந்த வயது, எந்த நீர்

பல்லைப் பார்ப்பதற்கு முன் காலடியைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்சி போய், அங்கிருந்து விழுப்புரம் செல்லும் கார்டு லைன் ரயிலில் ஏறினால் அரியலூரில் இறங்கலாம். அந்த வட்டாரத்துப் பாறைகளை 1840-களில் கேயும் கன்லிஃபும் ஆங்கிலேய அறிவியலுக்குக் காட்டினார்கள். 1860-களின் தொடக்கத்தில் ஹென்றி பிளான்ஃபோர்டு வரைபடமாக்கினார். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸின் கடல் படிவுகளில் உலகின் மிக நல்லவற்றுள் ஒன்று அது. கடல் படிவு என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். டைனோசர் தரை விலங்கு.

காரை மேட்டு நிலத்தின் களிமண் கடலடியில் படிந்தது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டு வயது. அங்கே கிடைப்பவை சுறாப் பற்களும், இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவற்றின் பற்களும், பெலம்னைட்டுகளும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சிப்பிகள் குவிந்த கடல் மேடு. நின்னியூர்ப் பாறை டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்தது. இவற்றுக்கு இடையில், கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டத்தில், கடல் பின்வாங்கி ஆறுகள் மணலும் களிமண்ணும் கொட்டிய அடுக்கு ஒன்று உண்டு. அதற்குக் கல்லமேடு படிவு என்று பெயர். டைனோசர் பல்லுக்கு வாய்ப்புள்ள மண் என்று நான் துணிந்து சொல்வது இதை மட்டும்தான். கடல் பாறையிலும் பிணம் மிதந்து வந்து சேர்ந்திருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. சேர்ந்திருக்கலாம், ஆனால் பொழுதுபோக்காகத் தேடுபவர் நம்பி உட்கார வேண்டிய வாய்ப்பு அல்ல அது.

கல்லமேட்டில்தான் யாதகிரியும் அய்யாசாமியும் மிகப் பெரிய எலும்புகளைக் கண்டு, 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள். பின்னால் வந்தவர்கள் அது நீள்கழுத்துத் தாவர உண்ணியாகத்தான் இருக்க முடியும் என்று கருதினார்கள். இப்போது சரிபார்க்க வழியில்லை. அந்த எலும்புகள் உதிர்ந்து மண்ணாகிப் போயின. மழையில் நனைந்து வெயிலில் விரிந்த களிமண்ணில் கிடந்த எலும்பு பொடிந்துபோகும். பல் அப்படிப் போகாது, ஏனென்றால் அதன் மேல் எனாமல் இருக்கிறது. அவ்வளவு பெரிய எலும்பு காணாமல் போன அதே மண்ணில் விரல்நகத்தைவிடச் சிறிய பல் தப்பிப் பிழைக்கிறது.

அப்படித் தப்பிய ஒன்றைத்தான் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட குழு 2013-இல் அறிவித்தது. கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல். அதை வைத்து, அதுவரை வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ட்ரூடான்டிட் என்ற சிறு ஊனுண்ணிக் குடும்பம் இந்தியாவிலும் இருந்தது என்று எழுதினார்கள். ஒற்றைப் பல்லின் மேல் ஒரு குடும்பத்தையே ஏற்றிவைப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்னொரு பல் கிடைக்கும்வரை ஒரு கேள்விக்குறியைப் பக்கத்தில் வைத்தே படிக்கிறேன். ஆனாலும் அந்தப் பல்லின் இடமும் அடுக்கும் பதிவாகியிருந்ததால்தான் அதைப் பற்றிச் சண்டை போடவாவது முடிகிறது.

தேடும் முறை

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, தை மாசி மாதங்களில் போங்கள். மழை கழுவிவிட்ட சரிவில் பற்கள் மேலே நிற்கும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் எனாமல் பளிச்சிடும். உச்சி வெயிலில் எல்லாமே பளிச்சிடும், காரைப் பக்கம் ஜிப்சம் துண்டுகள் கண்ணை ஏமாற்றும். நின்றபடி தேடாதீர்கள். குனிந்து, ஒரு பாய் அளவு நிலத்தை முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்ததுக்கு நகருங்கள். சரிவின் அடியில் பல் கிடந்தால் அது மேலே எங்கிருந்தோ உருண்டு வந்தது. வந்த அடுக்கைக் கண்ணால் மேல்நோக்கித் தேடுங்கள்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. காரை–குளக்காநத்தம் அரிநிலத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை புவிப் பாரம்பரிய இடமாக அறிவித்திருக்கிறது. அங்கே பார்க்கலாம், படம் எடுக்கலாம், பொறுக்கக் கூடாது. சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், வெடி வைக்கும் இடம் அது. மற்ற இடங்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய பட்டா நிலம் அல்லது ஊர்ப் புறம்போக்கு. பட்டாதாரரிடமோ ஊராட்சியிலோ வாய் திறந்து கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். புவிப் பாரம்பரிய இடங்களையும் பொருள்களையும் காக்க மசோதா வரைவு ஒன்றைச் சுரங்க அமைச்சகம் 2022-இல் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. சட்டம் எப்படி முடிந்தாலும், மண்வெட்டி கொண்டு தோண்டுவது ஆய்வாளர் வேலை, நம் வேலை அல்ல. மேலே கிடப்பதை மட்டும் தேடுங்கள்.

கல்லமேடு போன்ற இடங்களில் சின்னப் பற்களை ஆய்வாளர்கள் கண்ணால் தேடுவதில்லை, மண்ணைச் சலித்து எடுக்கிறார்கள். உங்களை அப்படி ஒரு குழு உதவிக்கு அழைத்தால் செய்முறை இதுதான். களிமண்ணை நல்ல வெயிலில் கல்லைப்போல் காயவிட வேண்டும். பிறகு தண்ணீரில் போட்டால் தானாகப் பொலபொலவென்று உதிரும். ஈரமாகவே போட்டால் பிசுபிசுத்துக்கொண்டு கரையாது. அவசரப்படுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். பெரிய கண் சல்லடை மேலே, அரை மில்லிமீட்டர்ச் சல்லடை கீழே. தூத்துக்குடி முத்து வியாபாரிகள் முத்தைத் தரம் பிரிக்க, துளை அளவு மாறும் பித்தளைச் சல்லடைகளை அடுத்தடுத்து வைத்த மாதிரிதான். தங்கியதைக் காயவைத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நகைக்கடைக்காரர் கண்ணில் சொருகும் பத்து மடங்கு லென்ஸ் போதும்.

ஒரு பல் கிடைத்துவிட்டால் எடுப்பதற்கு முன் படம். பக்கத்தில் அளவுகோல். கைப்பேசியில் இடக்குறியீடு. பிறகு குறிப்பேட்டில் பென்சிலால் தேதி, ஊர், எந்தப் பக்கச் சரிவு, மண்ணின் நிறம், கூடக் கிடந்த சிப்பி வகை. இதை எழுதாமல் பையில் போட்ட பல் அன்றைக்கே பாதி செத்துவிடுகிறது. பஞ்சில் வைக்காதீர்கள், இழை ரம்ப விளிம்பில் சிக்கும். டிஷ்யூ காகிதத்தில் சுற்றி மாத்திரை டப்பாவில் வையுங்கள். விரிசல் கண்டால் உடனே ஒட்டும் பசையை விடவே விடாதீர்கள். அருங்காட்சியகங்கள் அசிட்டோனில் கரையும் பாராலாய்டு பி-72 பயன்படுத்துகின்றன; பின்னால் கரைத்து எடுக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

அடையாளம்: அடி, குறுக்குவெட்டு, விளிம்பு

எல்லாரும் நுனியைத்தான் முதலில் பார்க்கிறார்கள், கூராக இருப்பதால். நுனி எதையும் சொல்லாது. அடியிலிருந்து மேலே வாருங்கள்.

துளைத்துளையான கிளை வேர் என்றால் சுறா. முடிந்தது. அந்தச் சுறாப் பல்லின் விளிம்பில் ரம்பம் இருந்தாலும் சுறாதான். ஸ்குவாலிகோராக்ஸ் என்ற பழஞ்சுறாவின் பல் ரம்ப விளிம்போடு வளைந்திருக்கும். ‘டைனோசர் பல்’ என்று பலர் அலமாரியில் வைத்திருப்பது பெரும்பாலும் இதைப் போன்றதைத்தான். தட்டையாக, மேலே வரிவரியான மேடுகளோடு, மெல்லுவதற்கென்றே செய்த மாதிரி இருந்தால் டைக்கோடஸ். அதுவும் சுறாக் கூட்டம்தான், சிப்பியை நொறுக்கித் தின்றது. காவிரிப் படுகைப் பாறைகளிலிருந்து பதிவாகியிருக்கிறது. பருத்த சதுர வேரும் வரிகள் ஓடும் கூம்புத் தலையும் என்றால் இக்தியோசார்.

பல்லே இல்லாதவையும் உண்டு. காரையில் துப்பாக்கித் தோட்டா வடிவில் தேன் நிறத்தில் கிடக்கும் பெலம்னைட் கணவாய்க்கு உறவான உயிரியின் உள்கூடு. உடைந்த முகத்தில் நடுவிலிருந்து கதிர்கதிராக இழைகள் விரிந்தால் அதுதான். சந்தேகமிருந்தால் உடைந்த துண்டு ஒன்றில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விடுங்கள்; சுண்ணாம்பு நுரைக்கும். உண்மையான பல்லில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள்.

அடி குழிந்து, வேர் இல்லாமல் இருந்தால் இரண்டு பேர்தான் மிச்சம்: டைனோசர், முதலை. முதலைப் பல்லும் இப்படித்தான் உதிரும். இப்போது குறுக்குவெட்டைப் பாருங்கள். வட்டமாக, கூம்பாக, நெடுக வரிகளோடு இருந்தால் முதலை. இரு பக்கமும் அமுக்கியதுபோல் தட்டையாக, கத்திபோல் பின்னோக்கி வளைந்திருந்தால் ஊனுண்ணி டைனோசராக இருக்கலாம். பென்சில்போல் உருளையாக, நுனி சாய்வாகத் தேய்ந்து, விளிம்பில் ரம்பமே இல்லாமல் இருந்தால் டைட்டனோசார் என்ற நீள்கழுத்தன். நீள்கழுத்தன்களின் பழைய உறவான பாரபாசாரஸின் பல் கரண்டிபோல் அகன்றது. கோதாவரிப் படுகையின் ஜுராசிக் பாறையிலிருந்து எடுத்து 1975-இல் பெயரிட்ட அதன் எலும்புக்கூட்டைக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பார்க்கலாம்.

கத்தி வடிவம் கிடைத்ததும் குதிக்க வேண்டாம். கடைசியாக விளிம்பு. லென்ஸில் பாருங்கள். ஊனுண்ணி டைனோசரின் ரம்பம் வெறும் வெட்டுக்குறி அல்ல. ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் சின்ன உளி மாதிரி தனித்தனிக் கட்டையாக நிற்கும், இடையில் பள்ளம் ஓடும். பின்விளிம்பின் நடுவில் 5 மில்லிமீட்டருக்குள் எத்தனை கட்டைகள் என்று எண்ணிக் குறியுங்கள். பல் மிகச் சிறியதென்றால் 1 மில்லிமீட்டருக்குள். முன்விளிம்பிலும் எண்ணுங்கள். தலையின் உயரம், அடியின் நீளம், அடியின் தடிப்பு ஆகிய மூன்றையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள். பின்விளிம்பு ஏறக்குறைய நேராகவும் முன்விளிம்பு மட்டும் நன்றாக வளைந்தும் இருந்தால் அபெலிசாரிடு பக்கம் யோசிக்கலாம்; குஜராத்தின் ராகியோலியில் கிடைத்து 2003-இல் பெயர் பெற்ற ராஜசாரஸ் அந்தக் குடும்பம்தான்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்துத் தரை முதலைகள் சிலவற்றுக்கும் தட்டையான ரம்பப் பல் இருந்தது. கல்லமேட்டிலேயே மடகாஸ்கரின் சிமோசூகஸைப் போன்ற, இலை வடிவில் பல கூர்முனைகள் கொண்ட பல்லுடைய முதலை பதிவாகியிருக்கிறது. இலை வடிவப் பல்லைப் பார்த்துத் ‘தாவர உண்ணி டைனோசர்’ என்று எழுதத் துடிப்பவர்கள் இந்த முதலையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பல்லோடு டப்பாவில் வைக்கும் சீட்டில் குடும்பப் பெயர் வரை எழுதினால் போதும், அதற்குக் கீழே இறங்காதீர்கள். 1879-இல் லிடெக்கர் அரியலூர்ப் பக்கத்துப் பல் ஒன்றை மெகலோசாரஸ் என்று எழுதினார். அந்தக் காலத்தில் ரம்பம் வைத்த கத்திப் பல் எதுவாக இருந்தாலும் இங்கிலாந்தில் 1824-இல் பெயரிட்ட அந்த விலங்கின் கணக்கில்தான் போட்டார்கள். பெரியவர்களே அப்படி எழுதிய துறை இது. பெயரை மாற்றலாம், அளவுகள் மாறாது. அதனால்தான் அளவுகளை எழுதச் சொல்கிறேன்.

வாங்குவது

வாங்காதீர்கள் என்பதே என் யோசனை. மீறி வாங்குபவர்களுக்கு: இணையத்தில் விற்கும் ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் பற்கள் பெரும்பாலும் மொராக்கோவின் கெம் கெம் படிவிலிருந்து வருபவை. அவை அங்கே நிஜமாகவே மலிவு. ஓர் ஆற்றுப் படிவில் எடுத்த 1,200-க்கு அருகிலான பற்களில் ஏறக்குறைய 45 சதவீதம் ஸ்பைனோசாரஸுடையவை என்று 2020-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆனால் உடைந்த தலையையும் வேறொரு வேரையும் ஒட்டி, ஒட்டிய இடத்தை மணல் கலந்த பசையால் மூடி விற்பதும் அங்கே ஒரு தொழில். நடுவில் மட்டும் பட்டையாக மணல் அப்பியிருந்தால் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

யாரிடம் காட்டுவது

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ‘டைனோசர் முட்டைகள்’ கிடைத்ததாகப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. புவியியலாளர்கள் போய்ப் பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றி உருண்டு இறுகிய படிவு உருண்டைகள் என்றார்கள். முட்டை என்ற செய்தி ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை. படத்தை முதலில் குழுவில் போடாமல் துறை அறிந்தவரிடம் போடுங்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் புவியியல் துறை இருக்கிறது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. தேடப் போகும் முன்பே ஒரு நடை உள்ளே போய் உண்மையான பொருள்களைக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு நான்கு படங்கள் போதும்: அடியை நேர் மேலிருந்து, தட்டையான பக்கம், குறுகிய பக்கம், லென்ஸ் வழியே பின்விளிம்பு. ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டர் அளவுகோல் தெரிய வேண்டும். கூடவே கிடைத்த இடத்தின் படமும் இடக்குறியீடும். பல்லைக் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணையும் அவர்கள் கேட்பார்கள். அவர்கள் ‘சுறா’ என்று பதில் அனுப்பினால் சீட்டில் அதையும் எழுதி, வகை, இடம், தேதியோடு டப்பாவில் வையுங்கள்.